மைனிங் கம்ப்யூட்டர் கட்டப் போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி அறை மூலையில் ஓடவிட்டால், நாம் தூங்கும்போதும் அது கிரிப்டோ காசு சம்பாதித்துத் தருமாம்! கடலூர் மஞ்சக்குப்பமோ சிதம்பரம் அண்ணாமலை நகரோ, கம்ப்யூட்டர் பிடித்த இளைஞர்களுக்கு இந்த ஆசை வராமல் இருக்குமா? கிரிப்டோ மைனிங் என்பது உலகம் முழுக்க நடக்கும் ஓயாத கணக்குப் போட்டி. பணப் பரிமாற்றங்களைத் தொகுத்து, ஒரு கடினமான புதிருக்கு முதலில் விடை கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குப் புதுக் காசு பரிசு. குறைந்த பட்ஜெட்டில் அதற்கு என்னென்ன பாகம் வாங்கலாம் என்று தேடினால், ஒவ்வொரு பாகத்துக்குப் பின்னாலும் வாய் பிளக்க வைக்கும் சங்கதிகள் இருக்கின்றன. இதோ!

பீட்சா வாங்கியவர்தான் கிராபிக்ஸ் கார்டையும் இறக்கினார், தெரியுமா?

2009 ஜனவரி 3. பிட்காயினின் முதல் பிளாக் (பரிமாற்றத் தொகுப்பு) பிறந்த நாள். அப்போது சாதாரண கம்ப்யூட்டரின் ப்ராசஸரே போதும். ஒரு பிளாக்குக்கு 50 பிட்காயின் பரிசு! மறு ஆண்டு, லாஸ்லோ ஹான்யெட்ஸ் என்ற அமெரிக்க புரோகிராமர், இந்தக் கணக்கை கிராபிக்ஸ் கார்டில் ஓட்டும் நிரலை எழுதினார். ஒரே கணக்கை ஆயிரக்கணக்கான சிறு கருக்களில் ஒரே நேரத்தில் போட வல்லது கிராபிக்ஸ் கார்டு. வேகம் எங்கேயோ போய்விட்டது. அதே மனிதர்தான் 2010 மே 22 அன்று இரண்டு பீட்சாவுக்குப் 10,000 பிட்காயின் கொடுத்தவர்!

2013-இல் பிட்காயினுக்கென்றே செய்த தனி சிப் இயந்திரங்களான ஏசிக் வந்தன. அன்றோடு வீட்டுக் கம்ப்யூட்டரின் பிட்காயின் காலம் முடிந்தது. பரிசும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125-க்கு வந்துவிட்டது. ஆகவே முதல் பாடம்: குறைந்த பட்ஜெட்டில் கட்டுகிறவர் பிட்காயினை மறந்துவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்னும் இடம் தரும் வேறு காசுகளைப் பார்க்க வேண்டும்.

ஒரே மதர்போர்டில் 19 கிராபிக்ஸ் கார்டு, தெரியுமா?

2017-இல் ஆஸ்ராக் நிறுவனம் 13 ஸ்லாட் கொண்ட மதர்போர்டை விற்றது. அதே ஆண்டு ஏசுஸ் 19 ஸ்லாட்டோடு வந்தது! இத்தனை கார்டையும் ஓட்ட எந்த ப்ராசஸர் வேண்டும் என்கிறீர்கள்? இன்டெல் வரிசையிலேயே விலை குறைந்த செலரான் போதும்! புதிர்க் கணக்கு முழுவதும் கார்டுக்குள்ளேயே நடக்கிறது; கம்ப்யூட்டரோடு அது பேசும் பேச்சு மிகச் சொற்பம். அதனால் கேம் விளையாட 16 வழிப்பாதை கேட்கும் கார்டு, மைனிங்குக்கு ஒரே ஒரு வழிப்பாதையில் ரைசர் கேபிள் மூலம் ஒட்டிக்கொண்டு முழு வேகத்தில் ஓடும். ஹார்டு டிஸ்க்கூட வேண்டாம், ஒரு பென் டிரைவில் இருந்தே ஓடும் மைனிங் இயங்குதளங்கள் உண்டு.

ஒரே இரவில் ஒரு தொழில் படுத்தது, தெரியுமா?

கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டது எத்தேரியம் என்ற கிரிப்டோ. அதன் கணக்குக்குத் தேவையான தரவுக் கோப்பு நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போய், 2020 டிசம்பரில் 4 ஜிபியைத் தாண்டியது. அவ்வளவுதான்! உலகம் முழுவதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 4 ஜிபி கார்டுகள் அந்த வேலைக்கு உதவாமல் போயின. 8 ஜிபி வாங்கியவர்கள் தப்பினார்கள். அவர்களுக்கும் 2022 செப்டம்பர் 15 அன்று அடி விழுந்தது. எத்தேரியம் மைனிங் முறையையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கார்டுகள் மூட்டை மூட்டையாகச் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கார்டு வாங்கப் போகிறவர்களே, கவனம்! மானிட்டர் கேபிள் செருக ஓட்டையே இல்லாத கிராபிக்ஸ் கார்டும் உலகில் உண்டு. என்விடியா 2017-இல் மைனிங்குக்கென்றே செய்த பி106 அப்படிப்பட்டது. விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டால், பின்னால் படம் பார்க்கக்கூட உதவாது. ஆர்எக்ஸ் 570, 580 போன்ற கார்டுகளில் மைனிங்குக்காக, கார்டின் உள்நிரலான பயாஸை மாற்றி எழுதியிருப்பார்கள். பழையபடி திருத்தாமல் விற்றால் கேமில் தகராறு செய்யும். விசிறி தடையில்லாமல் சுற்றுகிறதா, மெமரி சிப் மேல் இருக்கும் தெர்மல் பேட் எண்ணெய் கசிகிறதா, அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் திரை சிதறுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

புது ப்ராசஸரைவிடப் பழைய ப்ராசஸர் வேகம், தெரியுமா?

மொனேரோ என்றொரு கிரிப்டோ. 2019 நவம்பர் 30 முதல் அது ராண்டம்-எக்ஸ் என்ற கணக்குமுறைக்கு மாறியது. ஏசிக் இயந்திரங்களை விரட்டி, சாதாரண ப்ராசஸருக்கு இடம் கொடுக்கவே செய்த முறை! இதில் ஒவ்வொரு திரெட்டுக்கும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச்சரடு) ப்ராசஸருக்குள்ளேயே 2 எம்பி கேஷ் மெமரி வேண்டும். இங்கேதான் வேடிக்கை. 2019-இல் வந்த ரைசன் 5 3600-இல் 12 திரெட், 32 எம்பி எல்3 கேஷ். 12 திரெட்டுக்கு 24 எம்பி போதும். எல்லாமே வேலை செய்யும். அதற்கு இரண்டு ஆண்டு பின்னால் வந்த 5600ஜி-யிலும் 12 திரெட்தான், ஆனால் கேஷ் 16 எம்பி மட்டுமே. எட்டு திரெட்டுக்குத்தான் இடம் இருக்கிறது, மற்ற நான்கும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்! பெட்டியில் பளபளக்கும் கிகாஹெர்ட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள், கேஷ் எவ்வளவு என்று கேளுங்கள்.

ராமிலும் ஒரு சூட்சுமம். ராண்டம்-எக்ஸ் 2 ஜிபிக்குச் சற்று அதிகமான தரவை ராமில் வைத்துக்கொண்டு ஓயாமல் அதைத் துழாவும். எனவே 16 ஜிபி ஒற்றை ராமைவிட, இரண்டு 8 ஜிபி ராமை டூயல் சேனலில் போட்டால் நல்ல பலன். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: 3600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. திரையில் படம் வரத் தனியாக ஒரு கார்டு வாங்கியே ஆக வேண்டும்.

மைனிங் கம்ப்யூட்டர்களில் தீப்பிடிக்கும் இடம் எது, தெரியுமா?

மலிவான ரைசர்களோடு சாட்டா பிளக்கில் மாட்டும் சிறு கேபிள் ஒன்று வரும். அந்தப் பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். ஆனால் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் வழியாக மட்டும் 75 வாட் வரை இழுக்க விதி இடம் தருகிறது. மணிக்கணக்கில் ஓடினால் பிளாஸ்டிக் உருகும், கருகும்! கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்-இலிருந்து வரும் 6 பின் கேபிளை நேராக ரைசருக்குக் கொடுங்கள். அது 75 வாட் தாங்கும்.

எல்லோரும் கிராபிக்ஸ் கார்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு எஸ்எம்பிஎஸ்-இல் கஞ்சம் பிடிக்கிறார்கள். அந்தக் கஞ்சத்தனத்தின் விலை தெரியுமா? எஸ்எம்பிஎஸ்-களின் திறனை அளக்கும் 80 பிளஸ் தரச்சான்றின் அடிப்படைச் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸ் தரம் 85 சதவீதமும், கோல்டு தரம் 90 சதவீதமும் திறன் காட்ட வேண்டும். 500 வாட் இழுக்கும் கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் சுவரில் சுமார் 33 வாட். இரண்டு மாதம் நிற்காமல் ஓடினால் 47 யூனிட் வெறும் சூடாகக் காற்றில் போகும்!

உங்கள் மேசைக் கம்ப்யூட்டர் தினம் 24 கிலோ நிலக்கரி தின்னும், தெரியுமா?

நம் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1962-இல் மின்சாரம் பிறந்தது. அந்தப் பழுப்பு நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் ஒரு கிலோ தேவை. 1,000 வாட் மைனிங் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு 24 யூனிட் குடிக்கும். கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 24 கிலோ, இரண்டு மாதத்துக்குச் சுமார் ஒன்றரை டன்! நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டி எடுத்த கரியில் ஒன்றரை டன், நம் அறை மூலையில் இருக்கும் ஒரு பெட்டிக்காக எரிகிறது.

இ.பி. பில்லும் அதே கதைதான். இரண்டு மாதத்துக்கு 1,440 யூனிட், அதுவும் வீட்டு உபயோகத்தைச் சேர்க்காமல். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்று மகிழ்வோம். ஆனால் ஏற ஏற விலை கூடும். 2024 ஜூலைக் கட்டணப்படி 1,000 யூனிட்டுக்கு மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11.80 ரூபாய். மேலே போன 440 யூனிட்டுக்கு மட்டும் 5,192 ரூபாய்! அதனால்தான் கைதேர்ந்தவர்கள் கார்டு வாங்கிய முதல் நாளே பவர் லிமிட்டைக் குறைத்துவிடுகிறார்கள். வேகம் கொஞ்சம் இறங்கும், கரண்ட் செலவு அதைவிட நிறைய இறங்கும். நீரோட்டத்தில் இருந்து மலிவு மின்சாரம் எடுக்கும் பூட்டான், அரசே முன்நின்று பிட்காயின் மைனிங் நடத்துவதன் ரகசியமும் இதுதான்.

கடற்காற்றும் கம்ப்யூட்டருக்கு எதிரி, தெரியுமா?

உள்ளே போகும் 1,000 வாட்டும் கடைசியில் சூடாகவே வெளியே வரும். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3,500 வாட். கத்திரி வெயிலில் இப்படி மூன்றரைக் கம்ப்யூட்டர் ஓடினால் ஒரு டன் ஏசி அவற்றுக்கே சரியாகப் போய்விடும், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது! மூடிய கேபினெட்டை விட்டுத் திறந்த சட்டத்தில் கார்டுகளை இடைவெளி விட்டு மாட்டுவது இதற்காகத்தான்.

ஆனால் தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் திறந்த சட்டத்துக்கு வேறொரு ஆபத்து. உப்பு கலந்த ஈரக்காற்று செப்புத் தொடர்புகளில் பச்சை பூக்க வைக்கும், ஸ்லாட்டை அரிக்கும். கடல் பக்க ஜன்னலோரம் வைக்காதீர்கள். தூசியைத் துடைக்கும்போது தொடர்புப் புள்ளிகளையும் பாருங்கள்.

புயலையும் மறக்க முடியுமா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது; மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அத்தனை பெரிய வெட்டுக்கு எந்த யூபிஎஸ்-உம் ஈடு கொடுக்காது. வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் ஏட்டளவில் இருப்பதே 1,800 வாட் மணி. 1,000 வாட் சுமையை அது வெகுநேரம் இழுக்காது. யூபிஎஸ், கம்ப்யூட்டரை முறையாக அணைக்க மட்டும். அதைவிட முக்கியம் ஒழுங்கான எர்த்தும், கம்ப்யூட்டருக்கென்று தனி வயரிங்கும் எம்சிபியும்.

பாகம் வாங்கிய செலவை வரியில் கழிக்க முடியாது, தெரியுமா?

எல்லாவற்றையும்விடத் திகைக்க வைப்பது இதுதான்! 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ வருமானத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனையில் 1 சதவீதப் பிடித்தமும் வந்தது. மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவைக் காசின் கொள்முதல் விலையாக ஏற்க முடியாது என்று 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. மதர்போர்டு, கார்டு, எஸ்எம்பிஎஸ் எதையும் கழிக்க முடியாது. கரண்ட் பில்லுக்கும் கழிவு இல்லை. ஒரு கிரிப்டோவில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் வழியில்லை.

கணக்கு இதோ: 10,000 ரூபாய்க்குக் காசு விற்றால் வரியும் செஸ்ஸும் 3,120. கையில் நிற்பது 6,880. அதை எடுக்க 8,000 ரூபாய் கரண்ட் செலவாகியிருந்தால்? விற்றதிலேயே 1,120 ரூபாய் நஷ்டம், பாகங்களின் விலை தனி!

அப்படியானால் எதை வாங்குவது?

மைனிங் நின்ற மறுநாளும் உங்களுக்கு உழைக்கும் பாகத்தை வாங்குங்கள். 19 ஸ்லாட் போர்டும், திரை ஓட்டை இல்லாத கார்டும், செலரானும் மைனிங் நின்றால் இரும்புக் கடைக்குத்தான் போகும். கேஷ் தாராளமாக உள்ள ப்ராசஸர், சாதாரண மதர்போர்டு, இரட்டை 8 ஜிபி ராம், 8 ஜிபி மெமரி உள்ள ஒரே கிராபிக்ஸ் கார்டு, பெயர் பெற்ற நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்: இவை அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவருக்குப் புரோகிராமிங்குக்கும், வீடியோ எடிட்டிங்குக்கும், செயற்கை நுண்ணறிவு பழகுவதற்கும் ஆண்டுக்கணக்கில் கைகொடுக்கும். கிரிப்டோ எப்படி இயங்குகிறது என்பதை அதிலேயே சில நாள் ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அந்த அறிவு எந்தக் காசைவிடவும் மேல்.

தம்பிகளே, தங்கைகளே! கடன் வாங்கி மைனிங் கம்ப்யூட்டர் கட்டாதீர்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்காதீர்கள். கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டு இ.பி. அட்டையை எடுத்து, வாட்டை யூனிட்டாக்கி, யூனிட்டை ரூபாயாக்கி, வரியையும் கழித்துப் பாருங்கள். அதன் பிறகும் கணக்கு நிற்கிறது என்றால் மட்டும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு டிக்கெட் எடுங்கள்!