தாளைத் தொடுவது ரப்பர்தான்

மாணவர்களே, இந்தப் பக்கத்தில் நீங்கள் படிக்கும் எழுத்துகளில் ஒன்றுகூட நேராகத் தாளுக்கு வந்ததில்லை. அலுமினியத் தகட்டிலிருந்து முதலில் ஒரு ரப்பர் விரிப்பில் பதிந்து, அங்கிருந்துதான் தாளில் இறங்கின. இப்படி அச்சடிப்பதற்கு ஆப்செட் என்று பெயர். பாடநூல், நாளிதழ், காலண்டர் எல்லாம் பெரும்பாலும் இந்த முறையில்தான் அச்சாகின்றன. நடுவில் ரப்பர் எதற்கு? மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப நெருக்கமான கேள்வி. உங்கள் தாத்தா பாட்டிகளில் பலர் விடிவதற்கு முன்பே வாளியும் கத்தியுமாக, ரப்பர் பால் எடுக்கப் பால்மரக் காட்டுக்குப் போனவர்கள் அல்லவா?

பழைய அச்சு முறையில் எழுத்துகள் மேடாக இருக்கும். மேட்டில் மை தடவித் தாளை அழுத்துவார்கள். காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்த உலோகத்தில் அந்த எழுத்துகளை வார்ப்பார்கள். ஆன்டிமனி எழுத்தைக் கெட்டியாக்கும். வெள்ளீயம் சேர்ந்தால் உருகிய உலோகம் வார்ப்பின் மூலை முடுக்கெல்லாம் சுலபமாக ஓடிப்போய் நிறையும். தமிழில் சுழியும் கொம்பும் ஏராளம் என்பதால் நமக்கு இது மிகவும் தேவைப்பட்டது. 1924இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' இதழ் தொடங்கியபோது இப்படி வார்த்த எழுத்துகளைத்தான் கோத்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்துக்கு வெள்ளீயத்தை அள்ளிக் கொடுத்த இடங்களில் ஒன்று, பேராக்கில் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கு.

ஆப்செட் தகட்டில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பிறகு எழுத்து மட்டும் எப்படி மையைப் பிடிக்கிறது? எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்துத்தான். எழுத்து இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பசையை விரும்பும் மெல்லிய பூச்சு இருக்கும். மற்ற இடம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அலுமினியம். தகடு சுழலும்போது முதலில் ஈர உருளை அதைத் தொடும், அப்புறம் மை உருளை. அச்சு மை எண்ணெய்ப் பசை கொண்டது. அதனால் ஈரமான இடத்தில் ஒட்டாமல் எழுத்தில் மட்டும் ஒட்டும்.

இந்த உண்மையை முதலில் அச்சுக்குப் பயன்படுத்தியவர் அலாய்ஸ் செனஃபெல்டர். 1796 வாக்கில், ஜெர்மனியின் பவேரியாவில், சுண்ணாம்புக் கல்லை வைத்து முயன்று பார்த்தார். கல்லச்சு அப்படித்தான் பிறந்தது. ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளும் சுண்ணாம்புக் கல்தான். ஆனால் அவருக்குக் கிடைத்தது மிக மிக நுண்ணிய மணிகளால் ஆன ஒரு வகைக் கல்.

இப்போது ரப்பருக்கு வருவோம். நமக்கு வழுவழுப்பாகத் தெரியும் தாளை நுண்ணோக்கியில் பார்த்தால், மர இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். மேடும் குழியும் நிறைய இருக்கும். கடினமான தகடு மேட்டை மட்டும்தான் தொடும், குழியில் மை இறங்காது. ரப்பரோ அழுத்தினால் குழிக்குள்ளும் போகும், விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். சொரசொரப்பான தாள் தகட்டை நேராக உரசுவதில்லை என்பதால் தகடும் தேயாமல் நெடுநாள் உழைக்கும்.

இன்னொரு நன்மையை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் கோப்பின் மேல் போஸ்டர் வண்ணத்தால் 'க' என்று எழுதுங்கள். காய்வதற்குள் ஒரு பெரிய அழிப்பானை அதன்மேல் வைத்து அழுத்தி எடுங்கள். அழிப்பானில் 'க' இடவலம் மாறியிருக்கும். உடனே அதைத் தாளில் ஒற்றுங்கள். 'க' நேராகிவிடும்! ஈய எழுத்துக் கோத்தவர்கள் எல்லாவற்றையும் தலைகீழாகவும் இடவலமாகவும் படிக்கப் பழகினார்கள். ஆப்செட் தகட்டில் எழுத்து நேராகவே இருக்கும்.

நடுவில் மெத்தென்ற ஒன்றை வைக்கும் எண்ணம் முதலில் வந்தது தாளுக்காக அல்ல, தகர டின்னுக்காக. கடினமான கல்லை வைத்துக் கடினமான தகரத்தில் படம் அச்சடித்தால் சரியாகப் பதியாது. 1875இல் லண்டனில் ராபர்ட் பார்க்லே என்பவர் கல்லுக்கும் தகரத்துக்கும் இடையே மெத்தென்ற பரப்பு சுற்றிய உருளையைச் சேர்த்தார். பின்னாளில் அந்தப் பரப்பு ரப்பராயிற்று. பிஸ்கட் டின்களில் பூவும் பறவையும் பெருகியது அதற்குப் பிறகுதான். தகர டின் என்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. பேராக் மண்ணிலிருந்து வந்த இரண்டு பொருள்களும், வெள்ளீயமும் ரப்பரும், இந்த ஒரு வேலையில் சேர்ந்துவிட்டன என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

தாளுக்கு ஆப்செட் வந்தது 1904 வாக்கில். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்பவரின் அச்சு இயந்திரத்தில், தாளை அழுத்தும் உருளைமேல் ரப்பர் சுற்றியிருந்தது. தாள் போடத் தவறினால் படம் ரப்பரில் பதிந்துவிடும். அடுத்த தாளின் முதுகில் அந்தப் படம் ஒட்டிக்கொள்ளும். வீணாய்ப் போன அந்தத் தாள்களை ரூபெல் தூக்கி எறியாமல் உற்றுப் பார்த்தார். கல்லிலிருந்து நேராக விழுந்த படத்தைவிட ரப்பரிலிருந்து வந்த படம் துல்லியமாக இருந்தது!

அதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே, 1877இல், சிங்கப்பூரிலிருந்து வந்த சில ரப்பர் கன்றுகளைப் பேராக்கின் கோலகங்சாரில் நட்டார்கள். பிரேசிலில் எடுத்த விதைகளை லண்டனின் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து அனுப்பிய கன்றுகள் அவை. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் தொட்டுப் பார்க்காமல் வராதீர்கள். ஆப்செட் உலகமெங்கும் பரவிய காலத்தில், மிக அதிகமாக ரப்பர் தந்த நாடு மலாயாதான்.

இன்றைய விரிப்பின் மேற்பரப்பு பெரும்பாலும் பால்மர ரப்பர் அல்ல, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். காரணம் எண்ணெய். ஒரு ரப்பர் வளையத்தைச் சமையல் எண்ணெயில் சில நாள் ஊற வைத்து, புதிய வளையத்தோடு ஒப்பிடுங்கள். உப்பித் தளர்ந்து போயிருக்கும். மையிலுள்ள எண்ணெயும் இயந்திரம் கழுவும் திரவமும் விரிப்பை அப்படித்தான் கெடுக்கும். நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும். மருத்துவமனையில் பார்க்கும் நீலக் கையுறைகளில் பலவும் நைட்ரைல்தான். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள விரிப்புக்குள் துணி அடுக்குகளும், நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த ஓர் அடுக்கும் இருக்கின்றன. அழுத்தும்போது ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கி எழுத்தைச் சிதைக்காமல் காப்பவை அந்தக் குமிழ்கள்தாம்.

வண்ணப் படத்துக்கு சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடு, நான்கு விரிப்பு. அட்டைப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகளும் தெரியும். நான்கும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் படத்திலுள்ள முகத்துக்கு இரண்டு வாய் வந்துவிடும்.

அச்சான பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அச்சகத்தில் அதை ஒரு ஃபாரம் என்பார்கள். மெல்லிய இதழ் என்றால் ஃபாரங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடு மடிப்பில் பின் அடிப்பார்கள். உள்தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் ஓரத்தைக் கடைசியில்தான் வெட்டுவார்கள். தடித்த நூலுக்கு ஃபாரங்களை அடுக்கி, முதுகைச் சீவி, சூடான பசை தடவி அட்டையை ஒட்டுவார்கள். இங்கேயும் வளைந்து கொடுக்கும் குணம்தான் வேண்டும். ஆறிய பசை விறைத்துப் போனால், விரித்துப் படிக்கும்போது வெடித்துப் பக்கங்கள் உதிரும். பல்லாண்டு புரட்ட வேண்டிய நல்ல அகராதிகளை நூலால் தைத்த பிறகே பசை போடுகிறார்கள். உங்கள் புத்தகம் எந்த வகை என்று அறிய, முதுகின் மேல்முனையைப் பாருங்கள். சிறு சிறு மடிப்புகள் வரிசையாகத் தெரிந்து, சில பக்கங்களுக்கு நடுவே நூலும் தெரிந்தால் தைத்தது. மடிப்பே இல்லாமல் தாள்கள் தனித்தனியாகப் பசையில் நின்றால் ஒட்டியது.