எறிந்தவை எங்கே போகின்றன?

யாழ்ப்பாணக் கிராமங்களில் பனையோலைக்கு இரண்டு வாழ்வு இருந்தது. முதலில் அது கூரையாகவோ வேலியாகவோ நின்று வெயிலையும் மழையையும் தாங்கியது. இற்றுப்போனதும் புது ஓலை ஏறியது; இறக்கிய பழைய ஓலை தோட்டத்துக்குப் போனது. செம்மண்ணில் தாழ்க்கப்பட்டு உக்கி, புகையிலைக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பசளையாயிற்று.

பனம்பழத்தின் கதையும் இதுவே. பிழிந்த களி பனாட்டாயிற்று. கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் கிழங்கு. கிழங்கை அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பச்சையாகக் காயவிட்டால் ஒடியல். எஞ்சிய ஊமல் அடுப்புக்கு, அடுப்புச் சாம்பல் வாழையடிக்கு. இதில் 'குப்பை' என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

இன்று அறிஞர்கள் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பேசுவது இத்தகைய ஒழுங்கைத்தான். தோண்டி எடு, செய், பாவி, எறி என்பது நேர்கோட்டுப் பாதை. அதன் ஒரு முனையில் வளம் குறைகிறது. மறு முனையில் குப்பைமேடு உயர்கிறது. சுழற்சிப் பாதையிலோ ஒரு பொருள் இயன்ற காலம் வரை பாவனையில் இருக்கிறது, பழுதானால் திருத்தப்படுகிறது, இனிப் பயனில்லை என்றானபின் மண்ணுக்கோ தொழிற்சாலைக்கோ மூலப்பொருளாகத் திரும்புகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலிலும், மனிதரின் உற்பத்தி முறை இவ்வாறு சுழலும் முறையாக இன்னும் மாறவில்லையே என்ற கவலை வெளிப்படுகிறது.

தடைக்காலப் பாடம்

இதனை எம் மக்கள் நூலில் படித்துக் கற்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருள், மின்கலம், இரசாயனப் பசளை உட்படப் பல பொருள்கள் வடக்கே வருவது தடுக்கப்பட்டது. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் துணி துவைத்தார்கள். தோட்டத்துக்கு எருவும் குழையும் கைகொடுத்தன.

ஆனால் அந்த நாட்களைப் பொற்காலம் என்று நாம் சொல்லமாட்டோம். அது தெரிவு அல்ல, நெருக்குதல். பாதை திறந்ததும் மக்கள் யூரியாப் பையையும் பொலித்தீன் பையையும் நாடியதில் வியப்பில்லை. இல்லாமையால் மட்டும் வந்த பழக்கம் பொருள் வந்ததும் போய்விடும். விளங்கி ஏற்ற பழக்கமே நிலைக்கும்.

ஒரே நாளில் ஆகாது

நெருக்குதலால் வரும் மாற்றத்தின் விளைவை 2021இல் முழு நாடும் அனுபவித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. சேதனப் பசளையால் பயிர் செய்யுமாறு கமக்காரருக்குச் சொல்லப்பட்டது. நோக்கம் நல்லதெனக் கொண்டாலும் ஆயத்தம் இருக்கவில்லை. நெல்லும் தேயிலையும் வீழ்ச்சி கண்டன. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்திருந்தது.

ஏன் இப்படியாயிற்று? கணக்கு எளிது. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. சாதாரண கூட்டெருவில் நூற்றுக்கு ஏறத்தாழ 1 பங்குதான் நைதரசன். ஆகவே ஒரு பை யூரியாவின் நைதரசனைக் கூட்டெருவால் கொடுக்க 2,300 கிலோ வேண்டும். அதிலும் பெரும்பகுதி மெதுவாகவே பயிருக்குக் கிடைக்கும். அத்தனை எருவுக்கு மாடு எங்கே, குழை எங்கே, வண்டி எங்கே? வேலிகள் மதிலாகி, பட்டிகள் குறைந்த பின்னர் வர்த்தமானி அறிவித்தலால் எரு உண்டாகாது. முதலில் வேலியில் பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் நிற்க வேண்டும். வீட்டில் மாடு நிற்க வேண்டும். பின்னரே யூரியாவைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

கிணறு சொல்லும் உண்மை

அப்படியானால் பழையபடியே யூரியாவை அள்ளிப் போடலாமா? இதற்கு எமது கிணறுகளே விடை சொல்கின்றன. யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அதையே குடிக்கிறோம், அதையே தோட்டத்துக்கு இறைக்கிறோம். இறைத்த நீரில் ஒரு பகுதி, பயிர் எடுக்காமல் விட்ட பசளையையும் கரைத்துக்கொண்டு மீண்டும் கீழே போகிறது. மலக்குழியின் கழிவும் அதே வெடிப்புகளால்தான் இறங்குகிறது.

இதனால் வலிகாமத்தின் செறிந்த தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைக் கொண்டுசெல்லும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆகவே ஒன்றை உணர வேண்டும். சுழற்சி நாம் விரும்பினால் வருவது, விரும்பாவிட்டால் நிற்பது என்றில்லை. அது எப்போதும் நடக்கிறது. 'எறிந்துவிட்டோம்' என்று நாம் நினைப்பவை எம் கிணற்றடிக்கே திரும்பி வருகின்றன. அவை உணவாகத் திரும்புமா, நஞ்சாகத் திரும்புமா என்பது மட்டுமே எமது கையில் உள்ளது.

எங்கே தொடங்கலாம்?

முதலாவது, வீட்டுக் கழிவைப் பிரிப்பது. சமையலறைக் கழிவு, சருகு, சாணம் ஆகியவற்றை நிழலில் அடுக்கி, ஈரம் காத்து, இடையிடையே புரட்டினால் சுமார் மூன்று மாதத்தில் கூட்டெரு தயாராகும். பொலித்தீனை அதனுடன் கலக்கவும் வேண்டாம், முற்றத்தில் எரிக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, சாண வாயு. 25 கிலோ பச்சைச் சாணத்தில் நாளுக்கு ஏறத்தாழ 1 கன மீற்றர் வாயு பெறலாம். இது சிறு குடும்பமொன்றின் சமையலில் பெரும்பகுதிக்குப் போதும். வாயு எடுத்தபின் எஞ்சும் கரைசலில் நைதரசன் அப்படியே இருக்கும், அது தோட்டத்துக்கு. 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, அளவறிந்து இடுவது. மண்ணைப் பரிசோதித்து, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன், பசளையைச் சிறிது சிறிதாகப் பிரித்து இடவேண்டும். எருவும் அளவுக்கு மிஞ்சினால் கிணற்றைக் கெடுக்கும்.

நான்காவது, மலக்குழி. புதிதாக வீடு கட்டுவோர் அடித்தளம் இல்லாத குழியைத் தவிர்த்து, நீர் கசியாத தொட்டியைக் கட்டவேண்டும். கிணறுகள் நெருங்கிய காணிகளில் இது தனி ஒருவரின் விடயமல்ல, அயலாரின் உயிர் சம்பந்தப்பட்டது.

இவற்றின் பயன் சுற்றாடலுக்கு மட்டுமல்ல. வெளியிலிருந்து வாங்கும் ஒவ்வொரு பசளைப் பைக்கும் சிலிண்டருக்கும் கிராமத்தின் காசு வெளியே போகிறது. எருவும் குழையும் வாயுவும் இங்கேயே உண்டாகும்போது அந்தக் காசு மாடு வளர்ப்பவரிடமும், தொட்டி கட்டும் மேசனிடமும், பழுது பார்க்கும் கைவினைஞரிடமும் தங்குகிறது.

ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின், மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி அவற்றைச் சேர்க்குமாறு இயேசு சீடர்களைப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவரே மிச்சத்தைப் பொறுக்கச் சொன்னார் என்பதை நாம் எத்தனை முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம்? எமது பங்கின் அடுத்த திருவிழா அன்னதானத்தை வாழையிலையில் பரிமாறி, உண்ட இலைகளைக் கோயில் வளவிலேயே ஒரு எருக்குழியில் இட்டுத் தொடங்கலாமே. மாரி முடிய அந்த எரு கோயில் வளவுத் தென்னைகளுக்கு ஆகும்.