பாறையில் பதியாத காலம்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் பல இடங்களில் முவாவ் சுண்ணாம்புப் பாறைக்கு நேர் மேலே ரெட்வால் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. இரண்டு அடுக்குகளும் கிடைமட்டமாக இருப்பதால், ஒன்று முடிந்த கையோடு அடுத்தது படிந்ததுபோலத் தோன்றும். உண்மையில் கீழ்ப்பாறைக்கு வயது சுமார் 50 கோடி ஆண்டு, மேற்பாறைக்குச் சுமார் 34 கோடி. இடைப்பட்ட ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு அங்கே சாட்சியே இல்லை. வண்டல் படியாமலே இருந்திருக்கலாம். படிந்தது அரித்துப் போயிருக்கலாம்.

பாறை அடுக்கின் தடிமனைக் காலத்தால் வகுத்தால் வண்டலின் படிவு வேகம் கிடைக்கும். தடிமன், எஞ்சி நிற்கும் பாறைக்கு மட்டுமே உரியது. காலத்திலோ படிந்த நாள்களும் படியாத நாள்களும் சேர்ந்தே வரும். சிக்கல் இங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆற்றுச் சமவெளியில் ஒரே நாள் வெள்ளத்தில் 1 மீட்டர் மணல் சேர்கிறது. அடுத்த 1,000 ஆண்டுகள் எதுவும் சேரவில்லை. வெள்ள நாளை மட்டும் அளந்தவருக்கு ஆண்டுக்கு 365 மீட்டர் என்று விடை வரும். ஆயிரம் ஆண்டுக்கும் சேர்த்து அளந்தவருக்கு 1 மில்லிமீட்டர். இருவர் கணக்கிலும் பிழையில்லை.

1981இல் நிலவியலாளர் பீட்டர் சாட்லர் உலகெங்கும் அளக்கப்பட்ட சுமார் 25,000 படிவு வேகங்களைத் திரட்டி ஒப்பிட்டார். அளக்கும் காலம் நீள நீள வேகம் குறைந்துகொண்டே போனது. காலம் நீண்டால் பெரிய இடைவெளிகளும் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. இதைச் ‘சாட்லர் விளைவு’ என்கிறார்கள்.

இளைய படிவுகளைக் குறுகிய காலத்துக்கும் பழையவற்றை நீண்ட காலத்துக்கும் அளப்பதே வழக்கம். அதனால் அண்மைக் காலம் எப்போதும் வேகமானதாகவே தெரியும். கடந்த 20 முதல் 40 லட்சம் ஆண்டுகளில் உலகெங்கும் வண்டல் பெருகியதாகவும், பருவநிலை மாற்றமே காரணம் என்றும் 2001இல் ஒரு விளக்கம் வந்தது. கடற்படிவுகளில் உள்ள பெரிலியம் ஐசோடோப்புகளை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்வோ, 1.2 கோடி ஆண்டுகளாகப் பாறைச் சிதைவு பெரிதாக மாறவில்லை என்றது. இடைவெளிகளைக் கணக்கில் கொள்ளாமல் முந்தைய விளக்கத்தை ஏற்க முடியாது என்பது என் கருத்து.

இதை வைத்து, காடழிப்பாலும் உழவாலும் மண் அரிபடுவது வெறும் கணக்குப் பிழை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த இழப்பு உண்மையானது. அது எத்தனை மடங்கு என்பதில்தான் கவனம் வேண்டும். ‘அன்றைவிட இன்று பல மடங்கு’ என்று எங்காவது படித்தால், அன்றையதை எத்தனை ஆண்டுக்கு அளந்தார்கள், இன்றையதை எத்தனை ஆண்டுக்கு அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.