எழுத்துருவும் எழுத்தும்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி, உயர்தரப் பரீட்சை முடிந்ததும் உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். குடும்ப நிலையை விளக்கும் கடிதத்தை நகரத்துக் கடையொன்றில் தட்டச்சுச் செய்வித்து, மின்னஞ்சலில் அனுப்பினாள். பத்து நாட்களின் பின், ஆவணத்தை வாசிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. பெற்றவர்களின் திரையில் தெரிந்ததெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுந்தான். மறுபடி தட்டச்சுச் செய்து அனுப்புவதற்குள் முடிவுத் திகதி கடந்துவிட்டது.

அந்தக் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. இந்நாட்டில் தமிழ் தட்டச்சுச் செய்வோர் பலரும் நெடுங்காலமாகச் செய்துவருவதையே அவரும் செய்தார். 'பாமினி' எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார். அதனால் என்ன கெட்டது என்பதை மாணவிகளும் பெற்றோரும் ஒருமுறை விளங்கிக்கொண்டால், கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இன்று வரும் பல புதுமைகள் தாமாகவே விளங்கிவிடும்.

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். பாமினியில் 'தமிழ்' என்று அடிப்பவர் உண்மையில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி ஆகியவற்றையே அடிக்கிறார். கணினியின் நினைவில் பதிவதும் அந்த ஆங்கில எழுத்துகளின் எண்களே. ஜே என்ற இடத்தில் 'த' போன்ற படத்தைக் காட்டுவது மட்டுமே பாமினியின் வேலை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடை போர்த்தியது போல. பாமினி இல்லாத கணினியில் உடை கழன்றுவிடும்.

ஒருங்குறி, அதாவது யூனிகோட், வேறு வழி. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் ஏற்பாடு அது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. சிங்களம் சேர்ந்தது 1999இல். 'அ'வின் எண் 2949, 'த'வின் எண் 2980, 'ழ'வின் எண் 2996. பதுளையில் அடித்தாலும் பாரிஸில் திறந்தாலும் 2980 என்பது 'த' மட்டுமே.

இன்னுமொரு வேறுபாடு உண்டு. 'பதுளை' என்பதைப் பாமினியில் அடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் முதலில் ஐகாரக் குறியையும் பிறகு 'ள'வையும் அடிக்க வேண்டும். ஒருங்குறியில் 'ள' முதலிலும் குறி பின்னும் பதிவாகும். நாம் உச்சரிக்கும் ஒழுங்கும் அதுதானே! பழைய கோவைகளை மாற்றும்போது பிழை தேட வேண்டிய இடமும் இதுவே.

அப்படியானால் அடித்துப் பழகிய விரல்கள் மறுபடியும் அரிச்சுவடி கற்க வேண்டுமா? வேண்டியதில்லை. சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டர், பாமினி விசை ஒழுங்கிலேயே அடிக்கவிட்டு ஒருங்குறியைத் தரும். தமிழ் 99, ஒலியியல் முறை ஆகியனவும் அதில் உண்டு. புதிதாகக் கற்கும் மாணவிக்கு நான் தமிழ் 99ஐயே சொல்வேன். உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலது கையிலும் வருவதால் வேகம் கூடும். அதே நிறுவனத்தின் என்.எச்.எம். கன்வர்ட்டர் பழைய எழுத்துருக் கோவைகளை ஒருங்குறிக்கு மாற்றும். பீ.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். எழுத்துருவும் உள்ளே சேர்ந்து போவதால் வாசிக்க முடியும், உண்மைதான். ஆனால் அதற்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப்பாருங்கள், கிடைக்காது.

தேடலில்தான் புதிய தொழினுட்பங்களின் கதை ஆரம்பிக்கிறது. கண்பார்வை குறைந்தோருக்காகத் திரையை வாசித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் ஒருங்குறித் தமிழை வாசிக்கும். பாமினியைக் கொடுத்தால் ஆங்கில எழுத்துகளை உளறும். 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழும் சேர்க்கப்பட்டது. எழுதத் தெரியாத உம்மும்மாவும் சொல்லச் சொல்ல, கைத்தொலைபேசி எழுதிக்கொள்ளும். டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள்கள் அச்சுப் பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்தாக்கித் தருகின்றன. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாகப் படமாக்கப்பட்டிருக்கின்றன. அப்படங்களுக்குள் சொல் தேடவும் எழுத்துணரியே வழி.

லயத்துக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால், வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி அலைந்த காலம் நமக்குத் தெரியும். இன்று அதைப் படம்பிடித்தால் கூகுள் லென்ஸ் தமிழில் காட்டுகிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தினரும் அரச ஆவணங்களுக்கெனச் சிங்கள–தமிழ் மொழிபெயர்ப்பு மென்பொருள் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். என்றாலும் திகதி, பணத்தொகை, 'உண்டு', 'இல்லை' ஆகிய நான்கையும் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதிசெய்யாமல் கையொப்பம் இடாதீர்கள். பொறி சரளமாகப் பேசும், சரளமாகவே பிழையும் விடும்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இது பொருந்தும். எழுதப்பட்டவற்றை வாசித்துத்தான் அது மொழி கற்கிறது. பாமினியில் தூங்கும் நம் கதைகளும் கட்டுரைகளும் அதன் கண்ணுக்குத் தமிழாகவே தெரியமாட்டா. தோட்டத்துப் பேச்சும் நம் வீட்டுப் பேச்சும் அதற்குப் புரியாவிட்டால் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒருங்குறி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் 'பாத்திமா', பாடசாலைப் பதிவில் 'ஃபாத்திமா', அடையாள அட்டையில் 'பாதிமா' என்றிருந்தால், கணினிக்கு அவர்கள் மூன்று பெண்கள். பெயரை எங்கும் ஒரே விதமாக எழுதுவது நம் பொறுப்பு.

உங்கள் கோவை எந்த வகை என்று அறிய ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு வரியைப் பிரதி செய்து வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்புங்கள். தமிழாகத் தெரிந்தால் ஒருங்குறி; ஆங்கிலக் கிறுக்கலாக வந்தால் மாற்றிய பின்னரே அனுப்புங்கள்.

இந்தச் சஞ்சிகையின் பழைய இதழ்களும் பாமினியில்தான் கிடக்கின்றன. வரும் விடுமுறையில் அவற்றை மாற்றத் தொடங்குகிறோம். ஐகார, ஒகாரங்களைச் சரிபார்க்கப் பொறுமையுள்ள மாணவிகள் கணினி அறையில் பெயர் கொடுக்கலாம்.