வாவியைக் காண எப்பக்கத்து யன்னல்?

எம் பழைய மாணவருட் பலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். ஊருக்கு வருவோர் இரவுப் புகையிரதத்திற் கண்ணயர்ந்து விடியலில் இறங்குவதே பெருவழக்கு. மட்டக்களப்பு விமான நிலையம் 2018ஆம் ஆண்டு உள்நாட்டுப் பயணிகளுக்கெனத் திறக்கப்பட்டபின், கட்டுநாயக்கவிலிருந்து சிறு விமானத்தில் வந்தோரும் உளர். அத்தகையோர் எம்மிடம் வினவுவது ஒன்றே: எப்பக்கத்து யன்னலருகே அமர்தல் வேண்டும்?

வலப்பக்கம் என்பதே எம் விடை. கட்டுநாயக்கவிற்குக் கிழக்கே, சற்று வடக்குச் சாய்ந்து எம் ஊர் கிடக்கின்றது. ஆதலின் கண்டி மாநகரும் மத்திய மலைநாடும் வருவோர்க்கு வலப்புறத்தே அமையும். இடப்பக்கத்தார்க்குக் குடும்பிமலை உண்டு. அதுவும் வானம் தெளிந்திருந்தாற்றான். வாவியோ ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை 56 கிலோமீற்றர் நீண்டது. நகருக்கு வடக்கே கிடப்பது அதிற் சிறு பகுதியே. பெரும்பகுதி தெற்கே, அஃதாவது வலப்புறத்தே, நீள்கின்றது. 300 மீற்றர் உயரத்திலிருந்து நோக்குவார்க்கு அடிவானம் ஏறக்குறைய 60 கிலோமீற்றருக்கு அப்பாலுளது. எனவே, புகாரில்லாத நாளில் வாவி முழுவதும் ஒரே பார்வையில் அடங்குதல் கூடும்.

இனிச் சூரியனைப் பற்றிச் சிறிது. நீர்ப்பரப்பு கண்ணாடி போன்றது. சூரியன் நிற்கும் திசையில் நோக்கின் வெறும் வெள்ளொளியே எஞ்சும். வைகாசி முதல் ஆடி வரை சூரியன் எமக்கு வடக்கே சாய்ந்திருத்தலால், காலையில் வருவோர்க்கு வலப்பக்கம் கண்கூசாது. மார்கழி, தை மாதங்களில் நிலை மாறும்; மழை முகிலும் மறைக்கும். திரும்பிச் செல்வோர் இடப்பக்கத்தைக் கேட்டுப் பெறுக. தெற்கு அப்போது அப்பக்கமாகிவிடும். இறக்கை உடலின் மேற்புறத்தே பொருத்தப்பட்ட சிறு விமானமாயின் கீழ்நோக்கும் பார்வைக்குத் தடையில்லை. இறக்கை கீழே அமைந்ததாயின் அதற்கு முன்னோ, நன்கு பின்னோ அமர்தல் நலம். சிறு விமானங்களில் நிறையைச் சமன் செய்தற்பொருட்டு ஆசனத்தை அவர்களே குறிப்பதும் உண்டு. ஆதலின் முற்கூட்டியே கேட்டல் வேண்டும். யாம் ஒருமுறை கேளாது ஏறி, வழிநெடுக அயலாரின் தலையையே கண்டு வந்தோம்!

எழுவான்கரை, படுவான்கரை என எம் முன்னோர் இட்ட பெயர்களின் பொருத்தம் மேலிருந்து நோக்குங்கால் நன்கு புலனாகும். மேற்கே படுவான்கரையின் வயல்கள் பரந்து கிடக்கும். கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையே, எழுவான்கரை ஒடுங்கிய மணற்கீற்றாய்த் தோன்றும். கல்லடியில் 1924இன் இரும்புப் பாலமும் 2013இற் திறந்த புதுப்பாலமும் அருகருகே இரு கோடுகளாய்க் கிடக்கும். அவற்றுக்கு வடக்கே நாவலடி. நிலத்தில் நின்று பார்த்தபோது அக்கரை அத்துணை ஒடுக்கமென யாம் உணர்ந்ததில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அம்மணற்கீற்றைக் கடந்து வாவிக்குள் இறங்கியது. அங்கு வாழ்ந்தோர்க்கு ஓடி ஒதுங்க மேட்டுநிலம் இருக்கவில்லை. அந்நாளில் உறவினரை இழந்தோர் எம்மிடையே பலர். அயல்நாட்டிற் பிறந்த பிள்ளைகளை உடன் அழைத்து வருவோர், யன்னலோர ஆசனத்தை அவர்களுக்கே கொடுத்து, விமானம் தாழும் வேளையில் நாவலடி இதுவெனச் சுட்டிக் காட்டுக.