காப்பிக் கடைச் சுவரில் ஒரு காவியம்

ஈரான் நாட்டின் பழைய காப்பிக் கடைகள் ஊரார் கூடும் கதை மண்டபங்களாகவும் விளங்கின. பெயர்தான் காப்பிக் கடை. பிற்காலத்தில் அங்கே மக்கள் பருகியது தேநீரே! ‘நக்கால்’ எனப்படும் கதைசொல்லி, பிர்தௌசி 1010-ஆம் ஆண்டில் முடித்த ‘ஷாநாமா’ காவியத்தைக் கூறுவார். மகன் சொஹ்ராபை இன்னான் என அறியாமலே தந்தை ருஸ்தம் கொன்ற கதை கேட்டுக் கண் கலங்காதார் இலர்.

செவி கேட்டதைக் கண்ணும் காண விரும்பியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹுசைன் குல்லர் அகாஸி, முகம்மது முதப்பிர் முதலிய ஓவியர்கள், கடைச் சுவர்களுக்கென இக்கதைகளையும் கர்பலாத் துயரத்தையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினர். ஆளை எதிரே நிறுத்தி அவர்கள் வரையவில்லை. கேட்ட கதையே அவர்களுக்கு மாதிரி. யார் எவரென விளங்குமாறு உருவங்களின் அருகே பெயரும் எழுதினர்.

வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபின் கதைசொல்லிகள் அருகினர். உடனே காக்கவேண்டிய மரபுகளுள் ஒன்றாக அவர்தம் கலையை யுனெஸ்கோ 2011-இல் பட்டியலில் சேர்த்தது. ஓவியத்தை அருங்காட்சியகம் காக்கும்; கதையைக் காப்பது சொல்லும் நாவன்றோ? வெளிமாநிலத்தில் வாழும் நாம், நம் வீட்டுச் சுவரில் உள்ள படங்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?