ஏரிக்கரையில் ஒரு பாய்: முதற் படகைத் தெரிவுசெய்வது எப்படி?

சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்று நாற்றிசைக் காற்றுக்கும் பெயர் வைத்த சமூகம் எமது சமூகம். ஆயினும் ஜேர்மனியின் ஏரிகளிற் கோடை ஞாயிறுகளில் விரியும் வெண்பாய்களைக் கரையில் நின்று பார்ப்பவர்களாகவே எம்மிற் பெரும்பாலோர் இருந்துவருகிறோம். அது செல்வந்தரின் விளையாட்டு என்ற எண்ணம் ஒரு காரணம். நீரைப் பற்றி எமக்குள் உறைந்திருக்கும் அச்சம் மற்றொரு காரணம்.

அச்சத்துக்கு நியாயம் உண்டு. மேற்கு ஜேர்மனியின் வேசர் ஆற்றுத் துறைமுகமான பிராக்கவிலிருந்து சரக்குக் கப்பலொன்றிற் புறப்பட்ட 155 தமிழர், நியூபவுண்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டு, 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி கனடிய மீனவர்களால் மீட்கப்பட்டனர். எம் தலைமுறைக்குப் படகு என்றால் அதுதான்: உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஏறுவது. எம் பிள்ளைகளுக்கும் அது அவ்வாறே இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இன்னொரு வரலாறும் எமக்கு உண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டுச் சரக்கேற்றித் திரிந்த 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்ட அக்கப்பல், 1938 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. உலகையே சுற்றிவந்த ஒரு கடலோடி எம்மவர் கட்டிய பழைய கப்பலை நம்பி வாங்கினார் என்றால், பழையது என்பதனாலேயே ஒரு படகை ஒதுக்கிவிடலாகாது என்பது விளங்கும். பார்த்து வாங்கத் தெரியவேண்டும், அவ்வளவே.

எந்தப் படகு?

ஒருவரோ இருவரோ செலுத்தும் சிறிய திறந்த பாய்ப்படகை டொச்சு மொழியில் 'யொல்லே' என்பர். அதற்கு அடியிற் பாரமான இரும்பு கிடையாது. படகின் நடுவே நீருள் இறக்கி ஏற்றக்கூடிய பலகையொன்று உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வாள்'. பக்கவாட்டில் வீசும் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகாமல் தடுப்பது இதுவே. பாரம் இல்லாமையால் யொல்லே கவிழும். கவிழ்ந்தாலும் தாழாது. அதன் உள்ளே அடைக்கப்பட்ட காற்றறைகள் அதை மிதக்கவைக்கும். இந்த இரண்டையும் விளங்கிக்கொண்ட பின்னரே விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கவேண்டும்.

பிள்ளைக்கு வாங்குவதானால் 'ஒப்ரிமிஸ்ட்' என்ற பெயரை முதலில் மனத்திற் கொள்ளலாம். 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்த இப்படகு 2.30 மீற்றர் நீளமும் 35 கிலோ எடையும் கொண்டது. பதினைந்து வயதுவரை ஒரு பிள்ளை தனியே செலுத்தலாம். பிள்ளை வளர்ந்ததும் மறு குடும்பத்துக்கு விற்றுவிடலாம்.

வளர்ந்தோர் தனியே செலுத்த 'லேசர்' உண்டு. 2019 முதல் அது வேறு பெயரிலும் அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ 4.20 மீற்றர் நீளமும் 7 சதுர மீற்றர் பாயும் கொண்ட இப்படகு 1996 முதல் ஒலிம்பிக்கிற் போட்டிக்குரியது. வெறும் உடல் ஏறத்தாழ 60 கிலோதான். தூக்குவது எளிது, கவிழ்வதும் எளிது. குளிர்நீரில் அடிக்கடி விழ விரும்பாதவர் இதை இரண்டாவது படகாக வைத்துக்கொள்வது நல்லது.

கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று குடும்பமாகச் செல்ல விரும்புவோர்க்கு ஜேர்மனியிலேயே பிறந்த 'பிராட்' பொருந்தும். கடற்கொள்ளையர் என்பது அதன் பொருள். 1938இற் கார்ல் மார்ட்டென்ஸ் வரைந்த இப்படகின் நீளம் 5 மீற்றர், எடை 170 கிலோ, பாய்ப்பரப்பு 10 சதுர மீற்றர். பாயிலே கோடரிச் சின்னம் இருக்கும். அதன் எடையே அதன் அமைதி. புதியவரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். இதே குணமுடைய 'கொங்கர்' என்ற படகும் இந்நாட்டில் ஏராளம். கிழக்கு மாநிலங்களில் இருப்போர், கிழக்கு ஜேர்மனிக் காலத்து 'இக்சிலோன்' படகு விற்பனைக்கு வருவதைக் காணலாம்.

'420' என்ற இலேசான இருவர் படகும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றிற் பல, சங்கங்களின் பயிற்சிப் படகுகளாக ஆண்டுக்கணக்கில் அடிபட்டவை. பழைய மரப்படகு கண்ணுக்கு அழகானது. தச்சுவேலை தெரியாதவர் அந்த அழகைக் கரையில் நின்று ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது நலம்.

என்னென்ன பார்ப்பது?

வாங்க நல்ல காலம் புரட்டாதி, ஐப்பசி. மாரிக்குப் படகை வைக்க இடமும் வாடகையும் தேடவேண்டிய உரிமையாளர் அப்போது விலையில் விட்டுக்கொடுப்பார். பகல் வெளிச்சத்தில், படகு உலர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். இயன்றால் படகோட்டத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லவேண்டும்.

முதலிற் படகின் உடலை விரல் முட்டியாற் தட்டிப் பாருங்கள். இறுகிய ஒலி வந்தால் நல்லது. மந்தமான ஒலி வருமிடத்திற் கண்ணாடி இழை அடுக்குகள் பிரிந்திருக்கலாம். மேற்தளத்தை உள்ளங்கையால் அழுத்தும்போது அது பஞ்சுபோல் அமிழ்ந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கலாம். மேற்பூச்சில் மயிரளவு கீறல்கள் இருப்பது வயதின் அடையாளம். பாய்மரத்தின் அடியிலும் 'வாள்' பெட்டியைச் சுற்றியும் ஆழமான வெடிப்பு இருப்பது நோயின் அடையாளம்.

அடுத்துக் காற்றறைகள். அவற்றின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கவிழ்ந்தபின் உங்களை மிதக்கவைக்கப்போவது இந்த அறைகளே. இவை ஒழுகும் படகை எவ்வளவு மலிவென்றாலும் வாங்கவேண்டாம்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களைத் துணியொன்றாற் தடவிப் பாருங்கள். அறுந்த இழையொன்று துணியிற் சிக்கினால் வடம் மாற்றப்படவேண்டும். பாய்மரத்தை நீளவாக்கிற் பார்த்து அது நேராக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். சுக்கானின் பிணைச்சல்கள் ஆடக்கூடாது. 'வாள்' தடையின்றி ஏறி இறங்கவேண்டும்.

பாய் தனிக் கணக்கு. நல்ல பாயைக் கசக்கினாற் புதுக் காகிதம்போற் சரசரக்கும். பழந்துணிபோற் துவண்டால் அதன் வடிவம் போய்விட்டது. தையலை நகத்தாற் சுரண்டிப் பாருங்கள். வெயிலில் இற்ற நூல் பிரிந்துவிடும். புதிய பாய்களின் விலை பழைய படகின் முழு விலையையும் விஞ்சிவிடுவது உண்டு. ஆகவே படகின் விலையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக்கூடாது.

இழுவை வண்டியோடு வாங்குவதானால் அதன் ரயர், விளக்குகள், துரு, ரியூவ் முத்திரை ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். ரயரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். சாதாரண பி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு 750 கிலோ மொத்த எடைவரையான இழுவை வண்டியை இழுக்கலாம். யொல்லேக்கு அது போதும்.

பத்திரங்கள்

விற்பவரின் பெயர், முகவரி, படகின் பாய் இலக்கம், விலை, திகதி ஆகியவற்றோடு எழுத்திலான விற்பனை ஒப்பந்தம் இருக்கவேண்டும். போட்டி வகைப் படகாயின் அளவைப் பத்திரத்தையும் கேளுங்கள். திருட்டுப் படகை வாங்கியவர் என்ற பெயர் எவருக்கும் கேடு; வதிவிட அனுமதிக்குக் காத்திருப்பவர்க்கு அது இரட்டைக் கேடு. சமூக உதவிப் பணத்தில் வாழ்வோர், படகும் சொத்தாகக் கணக்கிடப்படலாம் என்பதை மறவாமல், முன்கூட்டியே ஆலோசனை நிலையமொன்றிற் கேட்டறிதல் வேண்டும். படகுக்கான பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் நீரில் இறங்கவேண்டாம். பல சங்கங்களும் துறைகளும் அதைக் கேட்கும்.

இயந்திரமில்லாத சிறு பாய்ப்படகுக்கு ஜேர்மனியின் பெரும்பாலான ஏரிகளில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. பேர்லின் பகுதிக்குத் தனி விதிகள் உண்டு. போடன்சே ஏரியிற் பாய்ப்பரப்பு 12 சதுர மீற்றரைத் தாண்டினால் அனுமதிப்பத்திரம் வேண்டும். 10 சதுர மீற்றர் கொண்ட பிராட் அந்த எல்லைக்குள் அடங்கும். ஏரிக்கு ஏரி கட்டணமும் விதியும் வேறுபடுவதால், படகை வாங்குமுன் அதை எங்கே மிதக்கவிடப்போகிறோம் என்பதை முடிவுசெய்துவிடவேண்டும். ஹம் நகரைச் சூழ வாழ்வோர்க்கு மோனே ஏரியும், எசன் பகுதியினர்க்குப் பால்டெனே ஏரியும், ஹம்பேர்க் வாழ்வோர்க்கு அல்ஸ்ரரும் எட்டிய தூரத்திலேயே உள்ளன. சங்கத்திற் சேர்ந்தாற் படகு வைக்க இடமும் பழகிய துணையும் ஒருங்கே கிடைக்கும். அதோடு, அலுவலக வரிசைகளில் மட்டுமே ஜேர்மானியரைச் சந்தித்த எம்மவர்க்கு, ஒரே கயிற்றை இரு முனையிலும் பிடிக்கும் வாய்ப்பும் கிட்டும்.

படகுக்கு முன் நீச்சல்

எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை ஒன்று உண்டு. ஜேர்மன் உயிர்காப்புச் சங்கத்தின் கணக்கின்படி, 2016இல் இந்நாட்டில் நீரில் மூழ்கி இறந்த 537 பேரில் 64 பேர் அகதிகளாக வந்தவர்கள். கடல் கடந்து உயிர் தப்பியவர்கள் ஏரியிலும் குளத்திலும் மாண்டார்கள். நீந்தத் தெரியாமை இதில் முதன்மையான காரணம்.

பிள்ளைகள் பெறும் 'கடற்குதிரை' முத்திரை வெறும் தொடக்கமே. 15 நிமிடம் நீந்திக் குறைந்தது 200 மீற்றரைக் கடக்கவேண்டிய வெண்கல முத்திரையைப் பெற்றவரே நீச்சல் தெரிந்தவர். பெற்றோரும் வெட்கத்தை விட்டு நீச்சற் தடாகத்திற் சேரவேண்டும்.

உயிர்காப்பு அங்கியிலும் வேறுபாடு உண்டு. 50 நியூட்டன் என்று குறிக்கப்பட்டது நீந்தத் தெரிந்தவர்க்கு உதவுவது மட்டுமே. மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. நீந்தத் தெரியாதவர் அதை நம்பிப் படகில் ஏறலாகாது. படகோடு பழைய அங்கிகளை இலவசமாகத் தந்தாலும், இலக்கத்தையும் துணியின் நிலையையும் பார்த்தே அணியவேண்டும்.

சித்திரை மாத வெயில் ஏமாற்றும். அப்போது ஏரிநீர் எமது ஊர்க் கடலைப்போல் இராது. விழுந்த கணத்திலேயே மூச்சை அடைக்கும். எனவே முதல் ஓட்டத்தை ஆனி, ஆடிக்கு ஒத்திவையுங்கள். மென்காற்றிற் கரையோரமாகவே செல்லுங்கள். கவிழ்ந்த படகின் 'வாள்' மீது ஏறி அதை நிமிர்த்தும் பயிற்சியை, ஆசிரியர் ஒருவரின் முன் முதலிலேயே செய்துவிடுங்கள். போடன்சேயிற் கரையிலுள்ள செம்மஞ்சள் விளக்கு நிமிடத்துக்கு 40 தடவை மின்னினாற் பலத்த காற்றுக்கு எச்சரிக்கை. 90 தடவை மின்னினாற் புயல். எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிராமல் முதல் மின்னலிலேயே கரைக்குத் திரும்புவது புதியவரின் கடமை. கவிழ்ந்தால் எக்காரணம் கொண்டும் படகை விட்டு நீந்தக்கூடாது. மிதக்கும் படகைத் தேடுவோர் காண்பர். மிதக்கும் தலையைக் காண்பது அரிது.

ஒரு பழைய படகு, ஒரு நல்ல பாய், நீந்தத் தெரிந்த குடும்பம்: இவ்வளவும் பெரும் செல்வரின் உடைமைகள் அல்ல. தப்பியோடுவதற்காக அன்றி, போன கரைக்கே மாலையில் மகிழ்வோடு திரும்பி வருவதற்காக எம் பிள்ளைகள் படகேறட்டும்.